சென்ட்ரிங் இல்லாத கூரை

மே மாதம் ஹாஸ்டலில் மேல் மாடி அறை கிடைத்தவர்களுக்கு இந்த முதல் பத்தி தேவையே இல்லை. நேராக அடுத்த பத்திக்குப் போயிடலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேசை மேல ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்க. இட்லிப் பானை மூடி மாதிரி இருக்கும். ஃபேன் சுற்றும்தான். ஆனா அது கீழே தள்ளுவது சீலிங்குக்கு அடியில் தேங்கி நிற்கும் அதே சூட்டை. கதவைத் திறந்து வராண்டாவுக்கு வந்தால் வெளியே காற்று ஜில்லென்று வீசிக்கொண்டிருக்கும். வெயிலிலிருந்து காப்பாற்றத்தான் கூரை. நம்ம கூரையோ பகல் முழுக்க வாங்கிய வெயிலைப் பத்திரமாக வைத்திருந்து, நாம் படுக்கிற நேரம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறது.

இப்படி ஒரு ராத்திரியில் தூக்கம் வராமல் மொபைலில் எதையோ தேடப் போய்த்தான் ஹசன் ஃபத்தி என்ற எகிப்தியக் கட்டடக் கலைஞரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவர் இறந்து பல வருஷம் ஆச்சு. கட்டடக்கலை படிப்பவர்களுக்குப் பெயர் பரிச்சயமாக இருக்கும். மெக்கானிக்கல், சிவில் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுத்திருக்கணும் என்பது என் கட்சி.

முதலில் ஒரு பரிசோதனை. 1964-இல் கெய்ரோவில் உள்ள கட்டட ஆய்வு மைய வளாகத்தில் வெவ்வேறு பொருட்களால் சில மாதிரி அறைகளைக் கட்டினார்கள். ஒன்று மண் அறை. வெயிலில் காயவைத்த பச்சைக்கல்லால் 50 செ.மீ. கனத்தில் சுவர், அதே கனத்தில் வளைவுக் கூரை. இன்னொன்று 10 செ.மீ. கனமுள்ள ரெடிமேட் கான்கிரீட் பலகைகளால் ஆன அறை. மார்ச் மாதத்தில் 24 மணி நேரம் உள்ளேயும் வெளியேயும் வெப்பநிலையைக் குறித்தார்கள். மண் அறைக்குள் 21-லிருந்து 23 டிகிரி, அவ்வளவுதான். ஒரு முழு நாளில் ஏற்ற இறக்கம் இரண்டே டிகிரி. கான்கிரீட் அறை 36 டிகிரியைத் தொட்டது. அது வெளியே இருந்த காற்றைவிட 9 டிகிரி அதிகம். அதாவது அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதைவிட வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருப்பது மேல்.

இது போங்கு ஆட்டம் என்று உங்களில் யாராவது கை தூக்குவீங்க. ஒரு பக்கம் 50 செ.மீ., இன்னொரு பக்கம் 10 செ.மீ., எப்படி ஒப்பிடலாம்? எனக்கும் அதே சந்தேகம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் விஷயமே அங்கேதான் இருக்கு. அரை மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் சுவர் வைக்க யாரிடம் காசு இருக்கு? காலடியில் கிடக்கும் மண்ணுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நிஜத்தில் ஏழை ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய சுவர் இந்த இரண்டில் ஒன்றுதான். அந்த இரண்டைத்தான் ஒப்பிட்டார்கள்.

இந்த அளவீடுகளைத் தன் புத்தகத்தில் எடுத்து வைத்து வாதாடியவர் ஃபத்தி. அவரைப் பழைய காலத்து ஆசாமி, மண்வீட்டுப் பிரியர் என்று ஒதுக்கினவர்கள் உண்டு. தெர்மாமீட்டர் எண்களோடு பேசுகிறவரை அப்படிச் சுலபமாக ஒதுக்க முடியாது.

1900 மார்ச் 23-ஆம் தேதி அலெக்ஸாந்திரியாவில் ஒரு வசதியான நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பத்துக்கு வயல்கள் இருந்தன. ஆனால் அப்பாவுக்குக் கிராமம் என்றாலே ஆகாது. ஈ, கொசு, அழுக்குத் தண்ணீர் என்று பிள்ளைகளை அந்தப் பக்கமே விட்டதில்லை. அம்மா அதற்கு நேர்மாறு. சிறுவயதில் கிராமத்தில் கழித்த நாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். பையனின் மனசில் கிராமம் அம்மாவின் கதையாகவே வளர்ந்தது. தன் குடும்பத்து நிலத்தையே நேரில் பார்க்காமல் இருபது வயதைத் தாண்டிவிட்டார்.

விவசாயம் படிக்கத்தான் ஆசைப்பட்டார். நுழைவுத் தேர்வில் பயிர்களைப் பற்றிக் கேட்டார்கள். வயலையே மிதிக்காத பையனுக்கு என்ன தெரியும்? ஃபெயில். கிடைத்த சீட் கட்டடக்கலை. 1926-இல் கெய்ரோவில் பட்டம் வாங்கினார். விரும்பின பிராஞ்ச் கிடைக்காமல் வேறு பிராஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கும் நம்மில் பாதிப் பேருக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன ஆறுதல்.

படித்து முடித்ததும் தல்கா என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டும் வேலை. அந்த ஊரின் சேறும் சந்தும் வறுமையும் அவரை உலுக்கிவிட்டன. தினமும் அதன் வழியே நடந்து போவதே பெரிய பாடாக இருந்தது. பிறகு ஒருநாள் சொந்தப் பண்ணைக்குப் போனார். அங்கே தங்கள் நிலத்தில் உழைப்பவர்கள் எப்படிப்பட்ட குடிசைகளில் இருக்கிறார்கள் என்று பார்த்தார். தாழ்ந்த கூரை, இருட்டு, அழுக்கு. அம்மாவின் கதையில் வந்த கிராமம் இது இல்லை. இதற்குச் சொந்தக்காரர்கள் தன் குடும்பம் என்பதுதான் அவருக்கு உறுத்தியது. பெற்றோரைப் பேசிச் சம்மதிக்க வைத்து அந்த வீடுகளைத் திருப்பிக் கட்ட முயன்றார்.

கட்டப் போகும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. குடியானவர் தன் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணை வெட்டி, வைக்கோல் கலந்து, கல் அறுத்து, வெயிலில் காயவைத்துச் சுவர் எழுப்பிவிடுகிறார். செலவே இல்லை. அத்தோடு அந்தச் சுவர் வெயிலையும் தாங்குகிறது. மாட்டிக்கொள்வது கூரையில். எகிப்தில் மரம் கிடையாது. உத்திரத்துக்கு மரம் வாங்கணும், காசு வேணும். காசு இல்லாதவர் சோளத்தட்டையைப் பரப்பி அரைகுறையாக மூடிக்கொள்கிறார். அப்படியானால் கூரையையும் அதே மண்ணில் போட்டுவிட்டால்? வளைவாகக் கட்டினால் மண்ணுக்கு இழுவிசை வராது, அழுத்தம் மட்டும்தான் வரும். பச்சைக்கல் இழுத்தால் பிளந்துவிடும், அழுத்தினால் தாங்கும். முதல் வருஷ மெக்கானிக்ஸ் பாடம்.

எகிப்தியப் பண்ணை வீடுகளைப் படமாக வரைந்து 1937-இல் கண்காட்சி வைத்தார். அதன் மூலம் சில வேலைகள் வந்தன. அப்புறம் இரண்டாம் உலகப் போர். இரும்பும் மரமும் கிடைக்கவில்லை. மண் கூரையைச் செய்து பார்க்க இதைவிட நல்ல நேரம் ஏது? கெய்ரோவுக்குப் பக்கத்தில் பஹ்தீம் என்ற இடத்தில் ஒரு பண்ணைக்கு மண் செங்கலில் வளைவுக் கூரை போட்டுப் பார்த்தார். இடிந்து விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது.

பிரச்சினை சென்ட்ரிங். எந்த வளைவையும் கட்டி முடிக்கும்வரை கீழே ஏதாவது முட்டுக் கொடுத்துத் தாங்கணும். அந்த முட்டுக்கே மரம் வேணும். மரம் இல்லை என்பதால்தானே வளைவுக்கே வந்தோம்? சுற்றிச் சுற்றி அதே இடம்.

அஸ்வான் அணைப் பணியில் இருந்த அவருடைய சகோதரர் ஒரு தகவல் சொன்னார். தெற்கே நூபியர்கள் முட்டே இல்லாமல் கூரை போடுகிறார்களாம். 1941-இல் ஃபத்தி கிளம்பிப் போனார். அஸ்வான் நகரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆற்றைத் தாண்டி மேற்கே கர்ப் அஸ்வான் என்ற கிராமத்துக்குப் போனால், ஊர் முழுக்கப் பளிச்சென்று பூசின உயரமான வீடுகள். எல்லாவற்றுக்கும் மண் வளைவுக் கூரை. அவர் தன் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்த கேள்விக்கான விடையில் ஒரு ஊரே குடியிருந்தது. அந்த வித்தை நேற்று வந்ததும் இல்லை. லக்ஸருக்கு எதிர்க்கரையில் ராமேசியம் கோயிலின் தானியக் கிடங்குகள் இதே மண் வளைவில்தான் கட்டப்பட்டு, மூவாயிரம் வருஷத்துக்கும் மேலாக நிற்கின்றன.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், ரொம்ப அழகான விஷயம். அறையின் ஒரு முனையில் பின்சுவரை மட்டும் உயரமாக எழுப்புகிறார்கள். அந்தச் சுவரில் கொத்தனார் குழைத்த மண்ணால் ஒரு பரவளைய வளைவை அப்புகிறார். வரைகருவி எதுவும் கிடையாது, கண் அளவுதான். பிறகு அந்த வளைவை ஒட்டி முதல் வரிசைக் கற்களை நேராக நிறுத்தாமல் பின்சுவர் மேல் சாய்த்து வைக்கிறார். சாய்வுதான் இதில் எல்லாமே. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல் சாய்ந்து நிற்பதால் கீழே விழாது. கற்களும் சாதாரணக் கல் இல்லை. எடை குறைவாக இருக்க வைக்கோல் அதிகம் போட்டு, ஐந்து செ.மீ. கனத்தில் பலகை மாதிரி அறுத்தவை. ஈரமாக இருக்கும்போதே முகத்தில் விரலால் கோடு இழுத்துவிடுவார்கள். குழைமண்ணில் வைத்து அழுத்தினால் அப்படியே கவ்விக்கொள்ளும். இப்படியே வரிசை வரிசையாக அறையின் மறுமுனை வரைக்கும் போய்விடலாம். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை ஒன்றுக்கு இரண்டு பேர் ஒன்றரை நாளில் கூரை போட்டுவிடுவார்களாம். நம்ம ஊரில் அந்த நேரத்துக்குச் சென்ட்ரிங் பலகையே வந்து சேராது.

ஃபத்தி இதைக் கண்டுபிடித்தார் என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள். தப்பு. அவர் போய்க் கற்றுக்கொண்டார். கொத்தனார்களைக் கூட்டிவந்து தன் தளங்களில் வேலை கொடுத்தார், மற்றவர்களுக்குச் சொல்லித்தரவும் வைத்தார். பட்டம் வாங்கிய ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனாரிடம் மாணவராக நிற்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. இப்பவும் இல்லை.

1945-இல் பெரிய வாய்ப்பு வந்தது. அவர் வாழ்க்கையின் பெரிய தோல்வியும் அதுவே.

லக்ஸருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் மலைச்சரிவில் குர்னா என்ற ஊர். ஏழாயிரம் பேர். வீடுகள் நின்றது பண்டைய எகிப்தியப் பிரபுக்களின் கல்லறைகள் மேலேயே. கல்லறைப் பொருட்களை எடுத்து விற்பது அந்த ஊரில் பலருக்குத் தொழில். ஒரு கல்லறையிலிருந்து பாறைச் சிற்பம் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய களேபரமானது. தொல்பொருள் துறை ஊரையே காலி செய்து கீழே சமவெளியில் 50 ஏக்கரில் புதிய ஊர் கட்டித்தர முடிவு செய்தது. கட்டும் பொறுப்பு ஃபத்தியிடம்.

அவர் போட்ட பிளானைப் பார்த்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஒரே வீட்டை அச்சில் வார்த்து 900 தடவை அடுக்கவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் தேவைக்கும் தனி வீடு என்று தொடங்கினார். உறவுக்காரக் குடும்பங்கள் ஒரு சின்ன முற்றத்தைச் சுற்றி இருக்கும். தெருக்கள் நேர்கோட்டில் ஓடாமல் குறுகலாக வளைந்து போகும். இதனால் தெருவில் எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் நிழல் விழும், பாலைவனப் புழுதிக்காற்று ஊரை நேராக ஊடுருவாது. மசூதி, சந்தை, பள்ளிகள், நாடக அரங்கு எல்லாம் உண்டு. கல் அறுக்க மண் தோண்டின பள்ளத்தை ஒரு சுத்தமான ஏரியாக மாற்றலாம் என்று நினைத்தார். கால்வாயில் குளிக்கும் பிள்ளைகளுக்கு நத்தைகள் மூலம் பரவும் பில்ஹார்சியா நோய் வந்துகொண்டிருந்தது. நீந்த வேற இடம் கொடுத்தால்தானே கால்வாய்க்குப் போகாமல் இருப்பார்கள்?

பள்ளிக்கூடத்தில் ஒரு மல்கஃப் வைத்தார். காற்றுப் பிடிக்கும் கோபுரம் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய கெய்ரோவில் 14-ஆம் நூற்றாண்டு மாளிகைகளில்கூட இது இருக்கிறது. கூரைக்கு மேலே வடக்கத்திக் காற்றைப் பார்த்து வாய் திறந்த ஒரு புகைபோக்கி மாதிரி. தெருமட்டத்தில் வீசும் காற்றைவிட மேலே வேகம் அதிகம், தூசி குறைவு, சூடும் குறைவு. அதைப் பிடித்துக் கீழே இறக்குகிறது. ஃபத்தி அந்தப் பாதையில் ஈரமான கரி நிரப்பிய தட்டுகளைச் சாய்த்து வைத்தார். உலர்ந்த காற்று ஈரத்தைத் தொட்டு ஆவியாக்கும்போது தன் வெப்பத்தைக் கொடுத்துவிடும். உள்ளே வெப்பநிலை 10 டிகிரி இறங்கியது என்று பதிவு செய்திருக்கிறார். மின்சாரம் பூஜ்யம்.

ஒரு எச்சரிக்கை. இதை அப்படியே கொண்டுவந்து சென்னையில் வைத்தால் ஈரக்கரி ஒன்றும் செய்யாது. நம்ம கடற்கரைக் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கு, மேற்கொண்டு என்னத்தை ஆவியாக்கும்? கனமான மண்சுவரும் அப்படித்தான். பகலில் வாங்கிய சூட்டை ராத்திரிக் குளிர்காற்றில் இறக்கி வைக்க முடிந்தால்தான் அதன் வித்தை முழுசாக வேலை செய்யும். ராத்திரியிலும் புழுங்கும் ஊரில் கனத்தைவிடக் காற்றோட்டமும் நிழலும் முக்கியம். இதை ஃபத்தியும் மறுத்திருக்க மாட்டார். ஒரே கண்ணாடிப் பெட்டியைக் கெய்ரோவிலும் குவைத்திலும் லண்டனிலும் கொண்டுபோய் வைப்பதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார். மண் கூரையை மட்டும் எல்லா ஊரிலும் வைக்கச் சொல்வாரா என்ன?

சரி, குர்னா என்ன ஆச்சு?

மக்கள் வரவில்லை. யோசித்துப் பாருங்க, ஏன் வரணும்? அவர்கள் பிழைப்பே மலைமேல் இருக்கு. கல்லறை, சுற்றுலாப் பயணி, கழுதைச் சவாரி எல்லாம் அங்கேதான். காலி செய்யச் சொல்வது அரசாங்கம். யாரும் அவர்களைக் கேட்டு முடிவு செய்யவில்லை. ஊரைச் சுற்றிய வயல்களில் நைல் வெள்ளம் தேங்கி நிற்கும் காலத்தில் புதிய ஊரைக் காத்து நின்ற கரையை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் உள்ளே புகுந்தது. அடைக்கக் கூப்பிட்டபோது குர்னாக்காரர்கள் கைகட்டி நின்றார்கள். மறுபக்கம் அதிகாரிகள் கொடுத்த குடைச்சல். கல் அறுக்க வைக்கோல் வாங்குவதற்குக்கூடக் கோப்பு மேசை மேசையாக நகரணும். 1948 வாக்கில் வேலை நின்றது. திட்டமிட்டதில் சிறு பகுதிதான் எழும்பியிருந்தது. மலைமேல் இருந்த ஊர் கடைசியில் 2006-க்குப் பிறகுதான் இடிக்கப்பட்டது. அறுபது வருஷம் தாக்குப்பிடித்தார்கள்.

இந்தத் தோல்வியில் ஃபத்தியின் பங்கு எவ்வளவு? அவர் தன் புத்தகத்தில் அதிகாரிகளையும் குர்னாக்காரர்களையும் நிறையக் குறை சொல்கிறார். எனக்கு அந்தப் பக்கங்களை முழுசாக ஏற்க முடியவில்லை. குவிமாடத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த வட்டாரத்தில் குவிமாடம் என்றால் பெரியவர்களின் சமாதி. அதன் அடியில் படுத்துத் தூங்கச் சொன்னால் ஒருவருக்கு எப்படி இருக்கும்? நூபியர்களுக்குப் பழகிய கூரை குர்னாக்காரர்களுக்குப் பழகியது இல்லை. இருவரும் எகிப்தியர் என்றாலும் ஊர் வேறு. இன்னொன்று, வீட்டில் அதிக நேரம் இருப்பது பெண்கள். அடுப்பு எங்கே வேணும், தண்ணீர் எங்கே வைக்கணும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தச் சமூக வழக்கப்படி வெளி ஆண் ஒருவர் அவர்களிடம் உட்கார்ந்து பேச முடியாது. அது ஒரு குறை என்று அவருக்கே தெரிந்திருந்தது. பிறகு குடியேறியவர்கள் பலர் செய்த முதல் வேலை குவிமாடத்தைத் தட்டிவிட்டுத் தட்டையாகக் கூரை போட்டதுதான். மகனுக்குக் கல்யாணம் ஆனால் மாடி எழுப்பணும். குவிமாடத்துக்கு மேலே எப்படி எழுப்புவது? மொட்டை மாடியின் அருமை நமக்குத் தெரியாததா!

இன்னொரு அடி ஃபத்தியால் எதிர்பார்த்திருக்கவே முடியாத திசையிலிருந்து வந்தது. 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்தது. நைலின் வருடாந்திர வெள்ளம் நின்றது, வருஷம் முழுக்கப் பாசனம் வந்தது. நிலத்தடி நீர்மட்டம் மேலேறியது. அதோடு உப்பும் ஏறி மண் சுவர்களின் அடியை அரித்தது. பல வீடுகள் விரிந்து சாய்ந்தன. ஃபத்தி கட்டியது அந்த இடத்தின் வெயிலுக்கும் காற்றுக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் பொருத்தமாகத்தான். தண்ணீர் மாறிவிட்டது. காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது நான் திரும்பத் திரும்ப நினைப்பது இந்தச் சுவர்களைத்தான். பாரம்பரிய அறிவு என்று நாம் கொண்டாடுவது ஒரு குறிப்பிட்ட மழைக்கும் ஒரு குறிப்பிட்ட ஆற்றுக்கும் பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த அறிவு. மழையும் ஆறும் மாறினால் அந்தச் சரிசெய்தலைத் திரும்பவும் தொடங்கணும்.

மனம் கசந்து 1957-இல் எகிப்தை விட்டு கிரீஸ் போனார். ஏதென்ஸில் டாக்ஸியாடிஸ் நிறுவனத்தில் சில வருஷம் வேலை. அறுபதுகளின் தொடக்கத்தில் திரும்பி வந்தார். கெய்ரோ அறைகளின் பரிசோதனை இந்தக் காலத்தில் நடந்ததுதான். 1965-இல் மேற்குப் பாலைவனத்தின் கார்கா சோலையில் நியூ பாரிஸ் என்ற புதிய ஊருக்குப் பிளான் போட்டார். கோடையில் 45 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் இடம். அங்கே ஒரு காய்கறிச் சந்தை. காய்கறி கெட்டுப்போகாமல் வைக்க நிலத்தடிக் கிடங்கு, அதற்குக் காற்றை இறக்க வரிசையாகக் காற்றுக் கோபுரங்கள். மின்சாரமே இல்லாத குளிர்கிடங்கு என்று சொல்லலாம். அவர் செய்ததிலேயே எனக்குப் பிடித்த பொறியியல் இது. சந்தை எழும்பியது, ஊர் எழும்பவில்லை. 1967 போர் வந்து வேலை நின்றது. பிறகு தொடரவே இல்லை.

இரண்டு ஊர்களைக் கட்டத் தொடங்கி இரண்டையும் முடிக்காதவர் எப்படிப் பிரபலமானார்? எழுதித்தான். குர்னா கதையை 1969-இல் கெய்ரோவில் சின்ன அளவில் புத்தகமாக வெளியிட்டார்கள். 1973-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’ என்று பொருள்படும் தலைப்பில் கொண்டுவந்ததும் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. எண்ணெய் விலை எகிறிய வருஷம் அது. கரன்ட் இல்லாமல் குளிரும் வீடு என்றதும் எல்லாரும் காது கொடுத்தார்கள். 1980-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது, அதே வருஷம் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட ரைட் லைவ்லிஹுட் விருது. வெப்பம், காற்று, நிழல் பற்றிய அவருடைய கணக்குகள் 1986-இல் தனிப் புத்தகமாக வந்தன. நம்ம மாதிரி ஆட்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். வீட்டில் இரண்டு முற்றம் வைத்து, ஒன்றை வெறும் கல்தரையாகவும் இன்னொன்றைச் செடிகொடியோடும் விட்டால், சூடான முற்றத்தில் காற்று மேலெழும்பி, குளிர்ந்த முற்றத்திலிருந்து காற்றை இழுக்கும். இரண்டுக்கும் நடுவே திறந்த திண்ணை மாதிரி ஒரு இடம், அதற்குப் பெயர் தக்தபூஷ். அங்கே உட்கார்ந்தால் காற்றே வீசாத நாளிலும் காற்று வரும்.

ஒரு கசப்பான வேடிக்கையையும் சொல்லாமல் விடக்கூடாது. அவருடைய குவிமாடங்களும் வளைவுகளும் பிற்பாடு அதிகம் எழும்பியது பணக்காரர்களின் பண்ணை வீடுகளிலும் சுற்றுலா விடுதிகளிலும்தான். அவரே வசதியானவர்களுக்கு நிறைய வீடு கட்டினார். ஏழைகளோ காசு சேர்ந்ததும் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். மண்வீடு என்றால் ஏழ்மை, கான்கிரீட் என்றால் முன்னேற்றம். நம்ம ஊரிலும் கதை அதேதான். ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட பெருமையில் இருக்கும் என் தாத்தாவிடம் போய் ஓட்டு வீடுதான் குளிர்ச்சி என்று சொல்லிப் பாருங்க, என்ன கிடைக்கும் என்று தெரியும். அவர் தப்பில்லை. ஓடு மாற்ற ஆள் கிடைக்கணும், எலி, பாம்பு, ஒழுகல், சொந்தக்காரர் முன்னால் மரியாதை எல்லாம் அவர் கணக்கில் இருக்கு. டிகிரி கணக்கு மட்டும் போடுவது நாம்தான்.

ஃபத்தி கடைசிக் காலத்தைப் பழைய கெய்ரோவில் கோட்டைக்குக் கீழே தர்ப் அல்-லப்பானா சந்தில் ஒரு பழங்கால வீட்டின் மேல்தளத்தில் கழித்தார். பூனைகள் சூழ இருந்தார். உலகத்தின் பல நாட்டு மாணவர்கள் படியேறி வந்து பார்த்துப் போவார்கள். 1989 நவம்பர் 30-ஆம் தேதி இறந்தார்.

அவர் மறைந்த பிறகு நூபியக் கூரை நின்றுவிடவில்லை. சஹாராவுக்குத் தெற்கே புர்கினா ஃபாசோ, மாலி, செனகல் நாடுகளில் காடு சுருங்கி உத்திரத்துக்கு மரம் கிடைக்காமல் போனது. மக்கள் தகரத்துக்கு மாறினார்கள். அந்த வெயிலில் தகரத்துக்குக் கீழே எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2000-இல் தொடங்கிய வூட் நூபியென் என்ற அமைப்பு அங்கே உள்ளூர் ஆட்களுக்கு இந்தக் கூரை போடக் கற்றுக்கொடுக்கிறது. பெரும்பாலும் பயிர் வேலை இல்லாத மாதங்களில்தான் கட்டுகிறார்கள். அந்த ஊர் வழக்கத்துக்கு ஏற்றபடி வளைவின் மேலே மண் நிரப்பித் தட்டையான மாடியாக்கியும் தருகிறார்கள். குர்னாவில் இடித்துத் தள்ளிய விஷயத்தை இங்கே கேட்டுச் செய்திருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்தில் பார்க்கணும் என்றால் ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் இருக்கு. சென்ட்ரிங் இல்லாமல் வளைவுக் கூரை எழுப்பும் முறையை அங்கே பயிற்சியாகவே கொடுக்கிறார்கள். கற்கள் அழுத்திச் செய்த மண் கற்கள், கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தவை. நூபியர்களின் சாய்வு முறையை எடுத்துக்கொண்டு நம்ம மழைக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். செமஸ்டர் லீவில் நானும் ரூம்மேட்டும் போவதாக இருக்கிறோம். கூட வர ஆள் இருந்தால் மூன்றாம் மாடி, கடைசி அறை. கதவு திறந்தேதான் இருக்கும், மூடினால் உள்ளே இருக்க முடியாது.